பாட்டி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு காகிதம்

மகளும் மருமகனும் இல்லாமல் போன வீட்டில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மாயிகள் (அம்மாவைப் பெற்ற பாட்டிகள்) சேலம் மாவட்டத்தில் எந்த ஊரிலும் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மணி கோப்பவர், இளம்பிள்ளையில் தறிக்கு நூல் சுற்றுபவர், ஏற்காட்டில் காப்பி பறிக்கப் போகிறவர் என்று யார் வீட்டிலும் இது நடக்கலாம். யாரோ சொல்லி, "பிள்ளை வளர்க்கிறவங்களுக்கு கவர்மென்ட்டுல மாசம் நாலாயிரம் தராங்களாம், ஃபாஸ்டர் கேராம்" என்று கேள்விப்பட்டு அலுவலகப் படியேறுகிறார்கள். "ஃபாஸ்டர் கேர் சொந்தக்காரங்களுக்குக் கிடையாதும்மா" என்ற பதிலோடு இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பதில் சட்டப்படி சரி. ஆனால் அதே அலுவலகத்தில், அதே நாலாயிரம் வேறொரு பெயரில் இருப்பதை யாராவது சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது ஃபாஸ்டர் கேர் என்பது, பிள்ளையின் சொந்தக் குடும்பம் அல்லாத இன்னொரு குடும்பத்தில் மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு பிள்ளையை ஒப்படைப்பது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளும் ரத்த உறவில்லாத குடும்பத்துக்குத்தான் இந்தப் பெயரில் பணம் தருகின்றன. தாத்தா, பாட்டி, மாமா, சித்தி, பெரியப்பா வீட்டில் வளரும் பிள்ளைக்கு உள்ள திட்டத்தின் பெயர் ஸ்பான்சர்ஷிப், தமிழில் நிதி ஆதரவு. தொகை அதேதான், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். "பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் குழந்தை" என்று அந்த நெறிகளிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. கணவனை இழந்த அல்லது கணவன் கைவிட்ட தாயின் பிள்ளைகள், உயிருக்கு ஆபத்தான நோயில் விழுந்த பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோரும் இதில் வருவார்கள். ஆகவே மனுவில் "வளர்ப்புப் பராமரிப்பு உதவி" என்று எழுத வேண்டாம். "நிதி ஆதரவுத் திட்டத்தின் கீழ், உறவினர் பராமரிப்பில் உள்ள குழந்தைக்கு உதவி" என்று எழுதுங்கள்.

பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு காகிதம், குழந்தைகள் நலக் குழுவின் ஆணை.

பிள்ளை உங்கள் வீட்டில்தான் தூங்குகிறது, உங்கள் கையால்தான் சாப்பிடுகிறது. ஊருக்கே தெரியும். ஆனால் பள்ளிக்கூடமும் வங்கியும் ஆஸ்பத்திரியும் கேட்கும் ஒரே கேள்வி, "நீங்க யாரு, கார்டியனா?" என்பதுதான். இந்துக்களுக்குப் பொருந்தும் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயற்கைக் காப்பாளர் என்றால் அப்பாவும் அம்மாவும் மட்டும். பெற்ற மகளின் பிள்ளையாக இருந்தாலும் அம்மாயி இயற்கைக் காப்பாளர் ஆகமாட்டார். இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள்: ஒன்று குழந்தைகள் நலக் குழு, இன்னொன்று நீதிமன்றம். முதல் வழிக்கு வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. இளைஞர் நீதிச் சட்டத்தில் "காப்பாளர்" என்ற சொல்லுக்கான பிரிவு 2(31), பிள்ளையை நடைமுறையில் பொறுப்பில் வைத்திருப்பவரைக் குழு தன் விசாரணையின்போது காப்பாளராக ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. அந்த ஒரு வரியை நம்பித்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் வழக்கமாகச் செய்யும் இன்னொரு காரியம் இருக்கிறது. 20 ரூபாய் பத்திரத்தில் "என் பிள்ளையை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன், இனி எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்திவிடுவார்கள். பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். காப்பாளர் உரிமை என்ற அளவில் அதற்கு மதிப்பில்லை. தத்து என்றும் அது நிற்காது. ரத்த உறவில்லாத ஒருவருக்கு, பெற்றோர் இல்லாத அல்லது கைவிட்ட பிள்ளையை இப்படித் தத்தாகக் கைமாற்றினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 80-இல் மூன்றாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. அந்தப் பத்திரத்துக்குச் செலவான அரை நாளில் குழுவுக்கே போய் வந்துவிடலாம்.

குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள், அதில் ஒருவராவது பெண். மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்பது சட்டம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில், எல்லாரும் டி.சி.பி.யூ என்றுதான் சொல்வார்கள், குழு எந்த நாளில் எங்கே கூடுகிறது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டையூசி வளைவு இறங்கி, பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளையோடு வந்து, "இன்னைக்கு சிட்டிங் இல்ல" என்று கேட்கிற கொடுமை வேண்டாம். நாகலூர், வாழவந்தி பக்கம் உள்ளவர்களுக்கு அது ஒரு முழு நாள் கூலி. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 1098-க்குப் போன் செய்யலாம். 24 மணி நேரமும் இயங்கும், இலவச எண்.

போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். பெற்றோரின் இறப்புச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, பிள்ளை, வளர்ப்பவர் இருவரின் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிப்பதற்கான சான்று, உறவைக் காட்டும் ஏதாவது ஒன்று. இந்தக் கடைசியில்தான் சிக்கல் வரும். அம்மாயிக்கும் பேத்திக்கும் உள்ள உறவை ஒரே காகிதம் காட்டாது. பேத்தியின் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் இருக்கும், அந்த அம்மாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழிலோ பழைய ரேஷன் கார்டிலோ அம்மாயி, அப்புச்சி (அம்மாவின் அப்பா) பெயர் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் சங்கிலி பூர்த்தியாகும். இறந்த மகளின் பழைய டி.சி.யையும் பழைய கார்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

பலர் குழுப் பக்கமே போகாததற்குக் காரணம் பயம். "போனா பிள்ளையைப் புடுங்கி ஹோம்ல போட்டுடுவாங்க." இந்தப் பயத்தை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழி, குடும்பமே முதல் பொறுப்பு என்று பிரிவு 3-இல் அடிப்படைக் கோட்பாடாகவே வைத்திருக்கிறார்கள். குழு பிள்ளையை உறவினரிடமிருந்து எடுக்கிற சூழல்கள் வேறு. அடி உதை, வீட்டில் குடித்துவிட்டு வரும் ஆண், பிள்ளையே "எனக்கு அங்கே வேண்டாம்" என்று தனியாகச் சொல்வது, பள்ளிக்கு அனுப்பாமல் வேலைக்கு அனுப்புவது. நம் ஊருக்கு இந்தக் கடைசி விஷயத்தைச் சற்று உரக்கவே சொல்ல வேண்டும். பள்ளி விட்டு வந்து வீட்டுத் தொழிலில் ஆபத்தில்லாத சிறு உதவி செய்வதை 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகு, பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதிக்கிறது. பக்கத்து வீட்டுக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற இடத்திலும் ஆசிட் தொட்டிக்குப் பக்கத்திலும் உட்கார வைப்பது அந்த உதவியில் சேராது.

குழு ஒரு விசாரணை அதிகாரியை வீட்டுக்கு அனுப்பும். சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும், இறுதி ஆணை நான்கு மாதத்துக்குள் வர வேண்டும் என்பது கணக்கு. வருகிறவர் வீடு பெரிசா, டைல்ஸ் போட்டதா என்று பார்ப்பதில்லை. பிள்ளை எங்கே படுக்கிறது, யாரோடு படுக்கிறது, கழிப்பறைக்கு இருட்டில் எவ்வளவு தூரம் போக வேண்டும், பள்ளி எவ்வளவு தூரம், சம்பாதிக்கிறவர் யார், பாட்டிக்குச் சர்க்கரை, பிரஷர் உண்டா, வீட்டில் வேறு யார் யார் வந்து போகிறார்கள் என்று பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், அதற்குக் கோபப்பட வேண்டாம். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவார்கள். "இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு" என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லி வைத்தால் அது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும், சந்தேகமும் அங்கேதான் ஆரம்பிக்கும். பாட்டிக்கு வயது 70 என்றால், "உங்களுக்கு அப்புறம் யாரு?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். மாமாவோ சித்தியோ ஒருவரைக் கூடவே கூட்டிப்போய், அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அறிக்கையில் பதியச் செய்துவிடுங்கள்.

ஆணை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒரு முறை படியுங்கள். பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றில் உள்ளபடியே இருக்கிறதா? பாட்டியின் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? உறவுமுறை எழுதியிருக்கிறதா? "ஒப்படைக்கப்படுகிறது" என்று மட்டும் இருக்கிறதா, "காப்பாளர்" என்ற சொல்லும் இருக்கிறதா? எவ்வளவு காலத்துக்கு? இறுதி ஆணையில் குறைந்தது மூன்று உறுப்பினர் இருந்து முடிவெடுத்திருக்க வேண்டும், கையெழுத்தை எண்ணிப் பாருங்கள். "செல்வி" என்பதை "செல்வீ" என்று அடித்திருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். நாளைக்கு வங்கிக் கணினி அந்த ஒரு எழுத்துக்காகப் பணத்தைத் திருப்பி அனுப்பும். ஆணையை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் அதன் மேலேயே குறிப்போ முத்திரையோ போட வேண்டி வந்தால் வழியிருக்காது. கண்ணாடிக் கவரில் போட்டு வைத்து, பத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டால் போதும்.

ஆணையில் உடன்பாடில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு சம்பந்தப்பட்ட முடிவுகளுக்கு மாவட்ட ஆட்சியரிடம், மற்றவற்றுக்குக் குழந்தைகள் நீதிமன்றத்தில்.

இனி பணம். நிதி ஆதரவுக்கு வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய், நகரத்தில் 96,000 ரூபாய். மாதக் கணக்கில் 6,000, 8,000. அதிகம் நிராகரிக்கப்படுவது இங்கேதான். வருமானச் சான்று யார் பெயரில் வாங்குவது என்று தெரியாமல், இறந்துபோன அப்பாவின் பழைய சான்றைக் கொடுப்பார்கள். அல்லது தனிக் குடித்தனம் இருக்கும் மாமாவின் சம்பளத்தையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். பிள்ளை இப்போது எந்த அடுப்பில் சாப்பிடுகிறதோ அந்தக் குடும்பத்தின் வருமானம்தான் கணக்கு. பாட்டி தனி ரேஷன் கார்டில் இருந்து, 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் கொஞ்சம் கூலியும்தான் வருமானம் என்றால் அதை மட்டும் சொன்னால் போதும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டு, வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லி வையுங்கள். பாட்டியின் ஆதாரும் மாமாவின் ஆதாரும் ஒரே கார்டில் இருந்தால் அவர் எப்படித் தனி வருமானம் எழுதுவார்? கார்டைப் பிரிப்பதாக இருந்தால் முதலில் அதைப் பிரித்து, பிள்ளையின் பெயரைப் பாட்டியின் கார்டில் சேர்த்து, இறந்தவர்களின் பெயரை நீக்கி, அதன் பிறகே வருமானச் சான்றுக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் எல்லாவற்றையும் இரண்டாவது முறை செய்ய வேண்டிவரும்.

கார்டில் பிள்ளையின் பெயர் ஏறிவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிள்ளையின் பெயர் செத்துப்போன அப்பாவின் கார்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தால், அவசரத்துக்குப் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அது தெரியவரும்.

மனு டி.சி.பி.யூ.வுக்குப் போய், அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழுவுக்குப் போகும். ஒப்புதல் ஆனாலும் பணம் கடிகாரம் பார்த்து மாதாமாதம் விழும் என்று எண்ணிப் பள்ளி வேன் பேசிவிடாதீர்கள். ஒதுக்கீடு வரும்போது பல மாதத்துக்குச் சேர்த்து வருவது சகஜம். பிள்ளை பள்ளிக்குத் தொடர்ந்து போகிறதா என்று அவ்வப்போது பார்ப்பார்கள். காரணமில்லாமல் நீண்ட நாள் நின்றுவிட்டால் நிறுத்தப்படும். மலையில் உள்ளவர்கள் பிள்ளையை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்க நினைத்தால் அலகிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வளர்வதற்கான உதவி இது. பிள்ளை விடுதிக்குப் போய்விட்டால் கேள்வி வரும்.

வங்கிக் கணக்குதான் அடுத்த முட்டுக்கட்டை. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குக் காப்பாளரோடு சேர்த்துத்தான் கணக்குத் திறக்க முடியும். அம்மாயி போய் நின்றால், "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று சொல்கிற கிளைகள் உண்டு. குழுவின் ஆணையோடு டி.சி.பி.யூ.விடமிருந்து வங்கி மேலாளர் பெயருக்கு ஒரு கடிதமும் வாங்கிப் போனால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். பத்து வயது ஆகிவிட்டால் தலைவலி குறைவு. பிள்ளை தன் பெயரிலேயே கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. அஞ்சலகத்திலும் பத்து வயதுக்கு மேல் தன் பெயரில் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம், 500 ரூபாய் போதும். மலைக் கிராமங்களுக்கு வங்கிக் கிளையைவிடத் தபாலாபீஸ்தான் பக்கம். கணக்கு எங்கே இருந்தாலும் அதில் ஆதார் இணைப்பு வேண்டும். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறுவது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கை இணைப்பது வேறு. "டி.பி.டி.க்கு சீடிங் ஆயிருச்சா?" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். பிள்ளைக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கருவிழியைப் புதுப்பித்திருக்க வேண்டும். பதினைந்தாம் வயதுப் புதுப்பிப்பை மறந்துபோய், பத்தாம் வகுப்பில் உதவித்தொகை நின்று, காரணம் புரியாமல் அலைகிற குடும்பங்கள் ஏராளம்.

மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போனவர், மாற்றுத்திறனாளி, சிறையில் இருப்பவர், கடும் நோயாளி என்ற நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. கொரோனாவில் இருவரையும் இழந்தவர்களுக்கு 2021-இல் அறிவித்தது தனி. 5 லட்சம் ரூபாய் வைப்புநிதியும், உறவினர் பராமரிப்பில் இருந்தால் மாதம் 3,000 ரூபாயும். அந்தப் பிள்ளைகள் பலர் இப்போது 18 வயதை நெருங்குகிறார்கள். வைப்புநிதிப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

யாரும் கேட்காத பணமும் உண்டு. இறந்தவர் மில்லிலோ எஸ்டேட்டிலோ பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருந்தாரா? 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கு அனாதை ஓய்வூதியம் உண்டு. விதவை ஓய்வூதியத்தில் 75 சதவீதம், குறைந்தது மாதம் 750 ரூபாய், 25 வயது வரை, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு. சாலை விபத்தில் இறந்திருந்தால் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று 2022 ஏப்ரலிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்திருக்கிறது. காரியம் முடிந்து வீடு அமைதியாவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடும். இழப்பீட்டில் பிள்ளையின் பங்கை நீதிமன்றம் வங்கியில் வைப்பாகப் போட்டுவிடும். வட்டியைப் படிப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ள உத்தரவிலேயே அனுமதி கேட்டு வாங்க வேண்டும். அம்மா கொலையுண்டு அப்பா சிறையில் இருக்கும் வீடுகளில், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாகப் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுக்கு மனுச் செய்யலாம்.

சொத்து என்று வந்தால் குழுவின் ஆணை போதாது. அப்பா பெயரில் அரை ஏக்கரோ, ஒரு ஓட்டு வீட்டில் பாதியோ இருந்தால் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டும். ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். பிள்ளை மல்லூரில் இருக்க, நிலம் தர்மபுரியில் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்; பிள்ளையின் பராமரிப்புக்கு என்றால் அது வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றம், சொத்துக்கு என்றால் அந்த இடத்து நீதிமன்றத்துக்கோ நிலம் உள்ள இடத்து நீதிமன்றத்துக்கோ போகலாம். பிள்ளையின் பராமரிப்புக்கு மட்டும் என்றால் குடும்ப நீதிமன்றம், சொத்துக்கு என்றால் மாவட்ட நீதிமன்றம். நெருங்கிய உறவினர் எல்லாருக்கும் அறிவிப்புப் போகும், ஆட்சேபணை கேட்பார்கள், விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையையும் கேட்பார்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை. வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் போய்க் கேட்டால் போதும்.

நீதிமன்றம் நியமித்த காப்பாளரும் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது, ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. நியமனமே இல்லாமல் "நான்தான் வளர்க்கிறேன்" என்று ஒரு பெரியப்பா பிள்ளையின் பங்கை எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. ஆனால் செல்லாது என்று நிரூபிக்க அந்தப் பிள்ளை பத்து வருஷம் கழித்துக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அதனால் வாரிசுச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் விட்டுப்போகாமல் வாங்குவதும், பட்டாவில் கூட்டாகப் பெயர் ஏற்றுவதும் இப்போதே செய்ய வேண்டியவை. பிள்ளை எந்தப் பக்கம் வளர்ந்தாலும் அப்பாவின் பங்கு அதற்கு உண்டு. "அம்மா வீட்டோட போயிட்டான், இங்க அவனுக்கு என்ன இருக்கு" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

தத்து எடுத்துவிட்டால் எல்லாம் தீருமே என்று கேட்பார்கள். தீரும், ஆனால் எல்லாருக்கும் அந்தக் கதவு திறக்காது. இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்து என்றால், அப்பா வழி, அம்மா வழிச் சித்தப்பா, பெரியப்பா, மாமா, அத்தை, சித்தி, பெரியம்மா, தாத்தா, பாட்டி, இவ்வளவுதான். கூடப்பிறந்த அக்காவும் அண்ணனும் அந்தப் பட்டியலில் இல்லை. இருபத்திரண்டு வயது அக்கா தம்பியை வளர்க்கிற வீட்டில் தத்துப் பேச்சை எடுக்காமல், காப்பாளர் ஆணைக்கே போவது நல்லது. இந்து தத்துச் சட்டத்திலும் கட்டுப்பாடுகள் உண்டு. மகன் இருக்கிறவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது, மகளுக்கும் அப்படியே. பெற்றோர் இருவரும் இறந்திருந்தால் தத்துக் கொடுக்கிற காப்பாளர் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும்.

அப்பா உயிரோடு இருந்து, எங்கே என்று தெரியாத வீடுகள்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். திருப்பூர் போனவர், கேரளா போனவர், திரும்பவில்லை. இறப்புச் சான்று இல்லை, அவர் கையெழுத்தும் கிடைக்காது. காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கி வைத்திருந்தால்தான் குழு முன்னால் "கைவிட்டவர்" என்று காட்ட முடியும். ஏழாண்டு தகவலே இல்லை என்றால் இறந்ததாகக் கருத நீதிமன்றத்தில் கேட்கலாம். அந்த ஏழு எப்போது தொடங்கியது என்பதற்கும் அந்த ரசீதுதான் சாட்சி. அம்மா மறுமணம் செய்துகொண்டு போயிருந்தால், சண்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவரை ஒரு நாள் குழு முன் வரவழைத்துச் சம்மதம் சொல்ல வைத்துவிடுங்கள். இயற்கைக் காப்பாளர் அவர்தான். அவர் பேச்சு பதிவாகாத ஆணை ஆட்டம் காணும்.

நோயில் படுத்திருக்கும் தாய், அப்பா ஏற்கெனவே இல்லாத வீடு என்றால், ஒரு காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தத் தாய் உயில் எழுதித் தன் பிள்ளைக்குக் காப்பாளரை நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டால் செல்லும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இந்த உரிமை பெற்றவர்களுக்கு மட்டும்தான். பாட்டி எழுதும் உயிலால் பேரனுக்குக் காப்பாளரை நியமிக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதைப் பேச யாருக்கும் மனசு வராது, ஆனால் பேச வேண்டியது அங்கேதான்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். உதவி கேட்டுப் பிள்ளையின் படத்தையும் கதையையும் வாட்ஸ்அப், ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் பிரிவு 74-இல் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். அடுத்தது, "நான் கண்ணை மூடறதுக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சுக் கொடுத்துடறேன்" என்று பதினாறு வயதுப் பேத்திக்கு மாப்பிள்ளை பார்ப்பது. பாசத்தில் செய்வதுதான். சட்டத்துக்கு அது குழந்தைத் திருமணம், இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், நடத்தி வைத்தவர்களுக்கும் சேர்த்து. நிதி ஆதரவும் பிள்ளையின் பள்ளியும் அதோடு போகும்.

பதினெட்டு ஆனதும் 4,000 நிற்கும். இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்கு உள்ள பின்பராமரிப்பு உதவி, பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வராது. இதை அநியாயம் என்றே சொல்வேன். ஹோமில் விடாமல் கஷ்டப்பட்டு வளர்த்தவருக்குக் கடைசியில் கிடைப்பது குறைவு. அந்த இடத்தில் கைகொடுப்பது புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்தான். அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிகிற பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கும்போதே இதையும் கணக்கில் வையுங்கள். பதினெட்டாம் பிறந்தநாள் வந்த வாரத்தில் மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்ற பிள்ளையை வங்கிக்குக் கூட்டிப் போக வேண்டும். புது கையெழுத்து, புது போட்டோ, ஆதார், பான். அதற்குள் பாட்டியின் பழைய கையெழுத்து மட்டுமே கணக்கில் இருந்தால், கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் அந்தக் கணக்கு முடங்கிக் கிடக்கும்.